துப்பாக்கி சாய்த்த பெஞ்சுகள்

அந்தப் பெஞ்சுகளின் முதுகில் வரிசையாகப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஜெபத்துக்கு வந்த சிப்பாய்கள் துப்பாக்கியைச் சாய்த்து வைக்கவாம். அண்ணன் படித்த ராணுவக் கல்லூரியின் சர்ச்சுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். சாமி கும்பிடும் இடத்தில் துப்பாக்கிக்கு எதற்கு இடம் என்று விளங்கவில்லை.

அண்ணன் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து போய் ராணுவ அதிகாரியானவன். எல்லையில் பனிச்சரிவில் இறந்தான். எங்கள் வழக்கப்படி எரித்து, முகத்துவாரத்தில் சாம்பலைக் கரைத்தோம். மறுவருஷம், அவன் பெயரைச் சர்ச் சுவரில் பதிக்கிறோம், வாருங்கள் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நைனாவும் நானும் போனோம்.

நைனா வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். கூட வந்த அதிகாரிகள் பூட்ஸோடு உள்ளே போனார்கள். செருப்பைத் திரும்பப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று நைனா சற்று நின்றுவிட்டு வெறுங்காலோடு வந்தார். கருங்கல் தரை சில்லிட்டது. குறுகி உயர்ந்த ஜன்னல்களின் வண்ணக் கண்ணாடியில் வாளேந்திய ஒரு புனிதர். மேலே இற்றுப்போன படைக்கொடிகள். சுவர் முழுக்கப் பளிங்கில் பெயர்கள், எல்லா மதத்துப் பெயர்களும். ஆங்கிலம் தெரியாத நைனாவின் விரலைப் பிடித்து அண்ணன் பெயர்மேல் வைத்தேன்.

அங்கிருந்த பாதிரியார் தமிழர். அண்ணன் ஞாயிறு தவறாமல் வருவான், கடைசி பெஞ்சில் உட்காருவான் என்று பிரியமாகத்தான் சொன்னார். நைனாவின் முகம் மாறிவிட்டது.

"அவன் வேற சாமிக்குப் போயிட்டானா? நாங்க கொள்ளி வச்சது தப்பாயிடுச்சா?"

"ஞானஸ்நானம் வாங்கல. பாடவும் மாட்டான். சும்மா உக்காந்திருப்பான். ஏன்னு நானும் கேட்டதில்லைங்க."

ரயிலில் மீஞ்சூர் வரும்வரை நைனா அதையே கிளறிக்கொண்டிருந்தார். ஒருசமயம், கத்தல் இல்லாத இடம்னு போயிருப்பான் என்பார். பிறகு, இல்ல, ஏதோ வேண்டுதல் இருந்திருக்கும் என்பார். எனக்கு இரண்டும் சரியாகவே பட்டன. அண்ணனுக்குத் திதி கொடுக்கலாமா, மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமா என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா அழுதாள். "படிச்ச நாளெல்லாம் அங்க போயி குந்திகினு இருந்துகிறான். நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

நைனா சொன்னார்: "லீவுல வந்தா, சாப்ட்டியா, எப்போ போறேனு கேட்டோம். வேற இன்னா கேட்டோம் நாம?"

நானும் அவனிடம் வேறெதுவும் கேட்டதில்லை.