லாரி சீட்டும் ஒரு பாட்டுக்காரியும்

செந்துறைப் பக்கத்துத் திருவிழாக்களில் கலையரசியின் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. இன்னிசைக் குழுவோடு வேனில் ஊர் ஊராகப் போய், மணிக்கணக்கில் நின்று பாடியவள். நாற்பதைத் தாண்டியதும் முதுகுத்தண்டில் வட்டு விலகியது. நெடுநேரம் நிற்கக் கூடாது, வேனில் குலுங்கிப் போகவும் கூடாது என்றார் டாக்டர். குழு வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டது. அதன்பிறகு பாத்திரம் துலக்கும்போதுகூட அவள் முணுமுணுப்பதில்லை. அந்த மௌனம் அவள் கணவர் தமிழ்மாறனை என்னவோ செய்தது. அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர்.

"வூட்லேந்தே நெட்டுல லைவ்ல பாடு. உக்காந்துக்கிட்டே பாடலாம்ல" என்றார் ஒருநாள்.

இருப்பது ஒரு கூடமும் சமையல்கட்டும்தான். இதில் எங்கே உட்கார்ந்து பாடுவது என்று அவள் கேட்டாள். அவர் பீரோவை நகர்த்தி ஒரு மூலையைக் காலி செய்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டாவது பாட்டுக்கே அவளுக்கு முதுகு வலித்தது. மறுநாள் அரியலூர் பழைய இரும்புக் கடையிலிருந்து உடைத்துப்போட்ட லாரியின் டிரைவர் சீட்டைக் கொண்டுவந்து மரச்சட்டத்தில் பொருத்தினார். அவள் கால் தரையில் எட்டவில்லை. ஒரு பலகையை வைத்தார். குரல் சுவரில் மோதி எதிரொலித்ததால் ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டார். ஸ்டூல்மேல் அண்டாவைக் கவிழ்த்து, கம்ப்யூட்டரில் மாட்டிய வெப்கேமை அவள் கண்மட்டத்துக்கு உயர்த்தினார்.

ஃபேன் சத்தத்தை மட்டும் அவரால் அடக்க முடியவில்லை. அது மைக்கில் இரைந்தது. சித்திரை வெயில் தணியாத ஒரு ஞாயிறு மாலை, ஃபேனை நிறுத்திவிட்டு அவள் பாட உட்கார்ந்தாள். அவர் கேமராவுக்குத் தெரியாமல் தரையில் உட்கார்ந்து அட்டையால் விசிறினார். பாட்டில் லயித்துக் கையை உயர்த்தியவர் அதை இறக்க மறந்துபோனார். 'யாருடைய கை அது?' என்று திரையில் கேள்விகள் வந்தன.

கலையரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏங்க, எந்திரிச்சு வாங்க."

"லுங்கியோட இருக்கேன், வேணாம்." அதுவும் மைக்கில் கேட்டது.

"எங்க வூட்டுக்காரரு" என்றாள் அவள் கேமராவைப் பார்த்து. "நான் உக்காந்திருக்கிற எடமெல்லாம் அவரு கையால செஞ்சது." பிறகு அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.

இப்போது வாரந்தோறும் பாடுகிறாள். ஆண்டிமடத்திலிருந்தும் கேட்கிறார்கள், சிங்கப்பூரிலிருந்தும் கேட்கிறார்கள். வேலையில்லாத ஞாயிறுகளில் தமிழ்மாறன் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பல்லவிக்குக் குரல் கொடுக்கிறார். அவருக்குச் சுருதி சேராது. கலையரசி மைக்கைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாளே தவிர, பாட வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.