மகன் வீட்டுத் தெருவில் ஒரு ஹோட்டல்

டோர்வல் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுவது என் வேலை. அன்று வந்தவர் உயரமான அமெரிக்கக் கிழவர். பையை நாற்காலியில் இருத்திவிட்டு, ஊன்றுகோலோடு தானே நடந்தார். நான் பையைத் தள்ளினேன்.

புதிதாகப் பிறந்த பேரனைப் பார்க்க வந்தாராம். மகன் வீட்டுத் தெருவிலேயே ஹோட்டல் எடுத்திருந்தார்.

"மகனோடு கோபமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இல்லையே. எங்களுக்குள் நல்ல அன்பு. அது கெடக்கூடாது என்றுதான் ஹோட்டல்."

வாசலில் மகன் நின்றான். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"பாவமப்பா அந்த மனுசன். எங்கட மாமாவுக்கு அப்பிடி ஒரு குறையும் இல்லை" என்றாள்.

மாமா என்றது என் அப்பாவை. பல வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். கடைசியாக அவரோடு எப்போது கதைத்தேன் என்று யோசித்தேன்.

அமெரிக்கரைப் பாவம் என்று நினைக்க நானும் முயன்றேன்.