வெள்ளைக்காரப் போதகருக்கு வைத்த பிடியரிசி

இன்று ஆராதனை முடிந்ததும் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் பிடியரிசிப் பானையை வெளியே எடுத்தார்கள்.

ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. அப்படியும் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் மிஷனரிக்கென்று ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

என் கணவர்தான் இந்தத் தோட்டத்து உபதேசியார். திருநெல்வேலிச் சபை எங்களை இங்கே ஊழியத்துக்கென்று கப்பலேற்றி அனுப்பியது. அங்கிருந்து கடிதம் நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மரவள்ளிக் கிழங்கையே தின்று அவருக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன.

பெண்கள் சங்கத்துச் செயலாளர் மேரியக்கா பானையை அலமாரியில் வைத்துப் பூட்டப் போனார்.

"யாருக்குக்கா இது?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரப் போதகருக்குலா. ஜப்பான்காரன் சிறைமுகாம்லேருந்து வந்ததும் குடுக்கணும்."

"அதுக்குள்ள வண்டு தின்னுடுமேக்கா. நாங்களும் கடல் தாண்டி வந்தவங்கதானே."

"நீங்க நம்ம ஆளுலா. உங்களுக்குக் கிழங்கு பழகியிருக்கும்."

பிறகு, பானைமேல் கைவைத்து ஜெபிக்க என் கணவரையே கூப்பிட்டார். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தூர தேசத்தில் ஊழியம் செய்கிற எவரும் பசியால் வாடக் கூடாதென்று ஜெபித்தார்.

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

அடக்கமில்லாதவள் என்று அதற்குள் தோட்டம் முழுக்கப் பேச்சு. நீங்கள் அங்கே இருந்திருந்தால் ஆமென் சொல்லியிருப்பீர்களா?