அடியில் இருந்த நீலம்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் ‘பாக்கலாம்’. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். எங்கள் மகன் பிறந்தபோது, பையன் உங்கள் ஜாடைதானே என்று நர்ஸ் ஆசையாகக் கேட்டதற்கும் “பாக்கலாம்” என்றார். அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர். வீட்டின் முன் அறைதான் பட்டறை. ஜன்னலோரம் சாணைத் தட்டு, பக்கத்தில் ஸ்பிரிட் விளக்கு, அரக்கு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கல்லை அரக்கால் ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, சுற்றுகிற தட்டில் தொட்டு எடுத்து, லென்ஸில் பார்த்து, மறுபடி தொடுவார். வெட்டாத கல் வந்துவிட்டால் அவ்வளவுதான், வீட்டில் வேறு பேச்சே இருக்காது. எனக்கு அது ரோட்டில் கொட்டிய ஜல்லி மாதிரிதான் தெரியும். அவர் அதை வெளிச்சத்தில் பிடிப்பார், தண்ணீரில் போடுவார், பென்சிலால் ஒரு கோடு போடுவார், அழிப்பார். நாள் கணக்கில் இதே கூத்து. நான் முடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்து எதிரில் நின்றாலும் அவருக்குத் தெரியாது. கல்லுக்குள் மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் தெரிந்துவிடும்.

ஆனால் இப்படி ஆற அமரச் செய்கிறவர் என்பதால்தான் அவரை நம்பிக் கல்லைக் கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஒரு கல்லை வாங்கிக்கொண்டு அதே அளவில் வேறொரு கல்லைத் திருப்பிக் கொடுத்தால் வந்தவருக்கு என்ன தெரியப்போகிறது? எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். இந்தத் தொழிலில் கைத்திறமைகூட இரண்டாம்பட்சம். ‘அந்த ஆள் மாத்த மாட்டான்’ என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அந்தப் பேர் அவருக்கு இருந்தது. அது போனால் தட்டை மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

வாசல் மேஜை என்னுடையது. வருகிற கல்லை எடை போட்டு, காகிதத்தில் மடித்து உள்ளே கொடுப்பேன். பேச வேண்டியதையும் நானே பேசிவிடுவேன். வீட்டுக்கு ஒருவராவது பேச வேண்டுமே.

தெருமுனை மருந்துக்கடை அக்கா ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். கைக்குட்டையில் அவருடைய நீலக்கல். அதைத் தெரியாதவர்கள் தெருவில் கிடையாது. அக்காவின் வீட்டுக்காரர் சொந்தக் கடை வைப்பதற்கு முன், இன்னொருவர் கடையில் ராத்திரி வேலை பார்த்து வாங்கிக் கொடுத்த மோதிரக் கல் அது. மாத்திரை வாங்கப் போனால் அந்தக் கதையும் சேர்த்துத்தான் கிடைக்கும். இப்போது அந்த மனிதர் பக்கவாதம் வந்து, ஒரு கையும் காலும் விழுந்து, பேச்சு குழறி, வீட்டில் நாற்காலியோடு இருக்கிறார். கடை அக்கா தலையில்.

கல்லைப் பிடித்திருந்த கொக்கிகள் தேய்ந்து, அது கடைத் தரையில் விழுந்திருக்கிறது. அடிமுனையில் ஒரு சில்லு போயிருந்தது. தினமும் காலையில் அக்கா அவர் விரல்களை நீவிவிடும்போது, அவர் அக்கா கையிலிருக்கும் அந்த மோதிரத்தைத்தான் பார்ப்பாராம். அது இல்லாவிட்டால் குழந்தை மாதிரி அடம் பிடிப்பாராம். உடனே சரிசெய்து தர வேண்டும் என்றார். இவர் வழக்கம்போல் “பாக்கலாம்” என்று இழுத்தார்.

“பாக்கறதுக்கு என்ன தம்பி இருக்கு? ஒரு சில்லு போயிருக்கு. அதைச் சமம் பண்ணிக் குடுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கேன்” என்றார் அக்கா.

வேறு நாளாக இருந்தால் இவர் கல்லை ஊறவைத்துத் தேய்த்து, தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பார்த்திருப்பார். அதன் அடியில் வருஷக்கணக்கான சோப்பும் கையெண்ணெயும் அப்பிக் கறுத்துக் கிடந்தது. அக்கா எதிரிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அப்படியே அரக்கில் ஒட்டினார். சின்ன வேலைதான், தட்டு சீக்கிரமே நின்றது. அரக்கைச் சூடு காட்டிக் கழற்றி, ஸ்பிரிட்டில் துடைத்து, கல்லை வெள்ளைக் காகிதத்தில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு காகிதத்தில் விழுந்த மாதிரி, வெள்ளைக் கல்.

அவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். மடியை உதறினார். முட்டி போட்டு மேஜைக்கடியில் போனார். என்ன ஏது என்று தெரியாமலே நானும் பின்னால் போனேன். என்ன தேடுகிறீர்கள் என்று அக்கா கேட்டார்.

“நீலத்தைத்தாங்க” என்றார் இவர், தரையிலிருந்தபடியே.

அக்கா எழுந்து வந்து காகிதத்தைப் பார்த்தார். இது யாருடைய கல் என்றார். உங்களுடையதுதான் என்றார் இவர். என் கல் நீலமாயிற்றே என்றார் அக்கா. ஆமாம் என்று அதற்கும் தலையாட்டினார் இவர். அப்படியானால் இது? இதுவும் அதுதான். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கே பிடிபட்டது. மண்ணில் விளைகிற கல்லில் நிறம் எல்லா இடத்திலும் சமமாக இருக்காதாம். சில கல்லில் ஒரு மூலையில் மட்டும் துளி நீலம் இருக்கும். விவரமான ஆள் அந்த மூலை அடிமுனையில் வருகிற மாதிரி வெட்டுவான். மேலே விழுகிற வெளிச்சம் அடிக்குப் போய், அந்த நீலத்தைத் தொட்டுத் திரும்பி வரும்போது கல் முழுக்க நீலமாகத் தெரியும். அந்த முனையைத்தான் இவர் இப்போது தேய்த்து எடுத்துவிட்டார். இதை அக்காவிடம் திக்கித் திணறிச் சொன்னார். சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் கேட்க எப்படி இருந்தது தெரியுமா? மாட்டிக்கொண்ட திருடன் அவசரத்தில் கட்டுகிற கதை மாதிரியே இருந்தது.

“நானும் கடையில எத்தனையோ பேரு சாக்குச் சொல்லிக் கேட்டிருக்கேன் தம்பி. இப்படி ஒண்ணைக் கேட்டதில்ல” என்றார் அக்கா. கல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, என்னுடையது இல்லாததை நான் ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எடையைப் பார்த்தேன். வந்தபோது இருந்ததைவிடத் துளி குறைவு, சரியாகத்தான் இருந்தது. இதைச் சொல்லலாமே என்றேன். அதே எடையில் வேறு கல் கிடைக்காதா என்றார் அவர். நீங்கள் யார் பக்கம் என்று கத்தினேன். அதோடு விட்டேனா? அவர் குளிக்கப் போனபோது சட்டைப்பையைத் துழாவினேன். மேஜை இழுப்பறையைக் கவிழ்த்தேன். அரக்கு டப்பாவுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் மனசு நிம்மதியானதா என்றால் அதுவும் இல்லை. அத்தனூண்டு கல்லை எங்கே வேண்டுமானாலும் ஒளிக்கலாமே. கட்டிக்கொண்டவளுக்கே இந்தக் குழப்பம் என்றால் தெருவை என்ன சொல்வது?

மருந்துக்கடைக்குப் போகாதவர் யார்? இருமல் மருந்தோடு இந்த விஷயத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். எங்களிடம் கல் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, வேலை முடியாவிட்டால் பரவாயில்லை, அவசரமாக வேண்டும் என்று வாங்கிப் போனார்கள். ஒரு நகைக்கடை, போட்ட பென்சில் கோட்டோடு, வெட்டாத கல்லை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டது. நான் காய்ச்சல் மாத்திரைக்குப் போனபோது அக்கா என் முகத்தைப் பார்க்காமலே மாத்திரையை எண்ணிப் போட்டார். மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதே அளவில் ஒரு நீலக்கல்லை வாங்கிக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்று இவரிடம் சொன்னேன்.

“குடுத்தா, நான் எடுத்தேன்னு ஆயிடும்” என்றார்.

“குடுக்கலன்னாலும் எடுத்தீங்கன்னுதானே சொல்றாங்க?”

வெகுநேரம் யோசித்துவிட்டு, “ஆமா” என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் என் மேஜையிலிருந்த பேனாவைக் கேட்டார். அதன் நீல மையை ஒரு ஊசியில் தொட்டு, அந்த வெள்ளைக் கல்லின் அடிமுனையில் ஒரு பொட்டு வைத்தார். கல்லைத் திருப்பிக் காகிதத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டார். கல் முழுக்க நீலம். ஓரம் வரைக்கும் நீலம். ஸ்பிரிட்டில் துடைத்தார், வெளுத்தது. மறுபடி பொட்டு, மறுபடி நீலம். நம்பாமல் நானே வைத்தும் துடைத்தும் பார்த்தேன். அப்புறம் என்னையறியாமல் அழுதுவிட்டேன். சட்டைப்பையைத் துழாவினவள் அல்லவா. இதை முதல் நாளே செய்து காட்டியிருக்கக்கூடாதா பாவி மனுஷா என்று திட்டினேன். இப்போதுதான் தோன்றியது என்றார்.

நான் போய், கடையில் நின்றவர்கள் முன்னாலேயே அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். இவர் பொட்டு வைத்துக் காட்டினார், துடைத்துக் காட்டினார். அப்புறம் லென்ஸைக் கொடுத்து, உங்கள் கல்லுக்குள் உங்களுக்குத் தெரிந்த அடையாளம் ஏதாவது உண்டா, பாருங்கள் என்றார். கூட்டமில்லாத நேரத்தில் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பாராம் அக்கா. உள்ளே ஒரு ஓரத்தில் கொசு மாதிரி ஒரு புள்ளி இருக்குமாம். குனிந்தவர் நிமிரவே இல்லை.

“கொசு இருக்கு” என்றார் கடைசியில்.

மன்னிப்புக் கேட்பார், அதற்கு நான் என்னவெல்லாம் பேச வேண்டும் என்று வரும் வழியிலேயே கோத்து வைத்திருந்தேன். அக்காவோ ஸ்டூலில் உட்கார்ந்து வேறொன்றைக் கேட்டார். “அப்ப அவரு வாங்கினப்பவே இது வெள்ளைக் கல்லுதானா?”

“ஒரு பொட்டு நீலம் இருந்துச்சுங்க” என்றார் இவர்.

அக்கா வெறும் விரலைத் தடவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்கு இப்போது எல்லாம் மறந்துபோகிறது என்றார். தான் விற்ற மருந்துகளின் பேர்கூட மறந்துவிட்டது. மோதிரம் மட்டும் மறக்கவில்லை. அந்தக் காலத்தில் ராத்திரி வேலையில் தூக்கம் வந்தால், உன் கையில் இந்த நீலம் இருப்பதை நினைத்துக்கொள்வேன் என்பாராம். இன்றைக்குக் காலையிலும் எங்கே எங்கே என்று கேட்டாராம்.

“அந்த மைப் பொட்டை அப்படியே விட்டு, மோதிரத்துல வச்சுக் குடுத்திடுங்க தம்பி. கல்லு என்னுதுதான், தப்பு என் மேலன்னு எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்.”

“மை வச்ச கல்லுங்க அது.”

“தெரிஞ்சுதானே கேக்கறேன்.”

“உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதுங்களே.”

வெளுத்த கல்லுக்குச் சாயம் ஏற்றித் தரச் சொல்லி வந்த வியாபாரிகளை வாசலோடு திருப்பி அனுப்பியவர் இவர். அது எனக்கும் தெரியும். எனக்குத் தலை சுற்றியது. நிஜத்தைச் சொன்னால் திருடன், பொய்யைச் செய்தால் யோக்கியன், இது என்ன நியாயம்? ஆனாலும் வாசல் மேஜையில் கல் ஒன்றுகூட இல்லாமல் கிடந்ததைப் பார்த்தேன். செய்து கொடுங்கள் என்றேன். உண்மையைச் சொல்லித்தான் பார்த்தாயிற்றே என்றும் சொன்னேன். எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு இவர் விளக்கை ஏற்றினார். ஊசியால் அடிமுனையில் மறுபடி பொட்டு வைத்தார். தண்ணீர் படாமல் இருக்க, மெல்லிய தங்கத் தகட்டால் கல்லின் அடியை மூடி, அக்கா கொண்டுவந்து கொடுத்த மோதிரத்தில் பதித்தார்.

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. கல் என்னுடையதுதான், தப்பு என் பேரில், அந்தத் தம்பி மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கையில் நீலம் மின்னும்போது அதற்கு மேல் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? போன கல்லெல்லாம் திரும்பி வந்தது. புதிதாகவும் வந்தது. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் இவரைப் பார்க்க வேண்டும் என்றாராம். இருவரும் போனோம். நாற்காலியில் சாய்ந்திருந்தவர், விழாத கையால் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, அக்காவின் விரலைக் கண்ணால் காட்டினார். வார்த்தை குழறிக் குழறி வந்தது.

“இவதான்... உங்களச் சந்தேகப்பட்டா. நான் சொன்னேன்... அவரு மாத்த மாட்டாருன்னு.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கை வைக்கவில்லை. என்ன ஆயிற்று என்றேன்.

“தெருவே திருடன்னு சொல்லுச்சே, அப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும்” என்றார். தட்டைத் தள்ளி வைத்து, “இப்ப நல்லவன்னு சொல்றாங்க. அதான் தாங்க முடியல” என்றார்.

ஒரு நோயாளி மனுஷன் சந்தோஷத்துக்குச் செய்ததுதானே, அக்காவே கேட்டதுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றெல்லாம் நாக்கு வரை வந்தது. செய்யச் சொன்னவளே நான். அது சரிதானா என்று என்னைத் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவருடைய தட்டை மூடி வைத்துவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.