நீலம் பாய்ந்த விரிசல்

கடினமாக இருப்பதெல்லாம் வலிமையானது என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எஃகைச் சிவக்கச் சூடாக்கி எண்ணெயில் முக்கினால் கடினமாகும், அவ்வளவுதான். நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசி ஊசியாக, உள்ளுக்குள் முறுக்கேறிப்போய்க் கிடக்கும். உடனே இரண்டாவது உலையில் மிதமான சூட்டில் வைத்து அந்த முறுக்கைத் தணிக்க வேண்டும். அதுதான் டெம்பரிங். தள்ளிப்போட்டால் சும்மா கிடக்கும்போதே விரிசல் விடும். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை மேனேஜருக்கு இது தெரியாமல் இல்லை.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஒரு கூடை லாரி ஷாஃப்ட்டுகள் அப்போதுதான் எண்ணெயிலிருந்து வெளியே வந்திருந்தன. இரண்டாவது உலையைத் துடைத்துச் சந்தனம் வைக்க வேண்டும், அணைத்துவிடு என்றார் மேனேஜர்.

“டெம்பர் பண்ணாமப் போட்டா வெடிச்சிரும்லா சார்” என்று கெஞ்சினார், உலையைப் பார்த்துக்கொண்ட திருநெல்வேலிக்காரர்.

“இரும்பு இன்னா சாம்பாராப்பா, ரெண்டு நாள்ல ஊசிப்போறதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். லேப்பில் இருந்த நானும் சிரித்தேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பூஜை முடிந்து டெம்பரிங் ஆனது. விரிசலைக் காட்டாத கடினத்தன்மைச் சோதனையில் தேறியது, நான் கையெழுத்துப் போட்டேன். வாங்கியவர்கள் விரிசலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். டெம்பரிங் முடிந்த கூடையைத் திருநெல்வேலிக்காரர் கீழே போட்டுவிட்டார் என்று கூசாமல் சொன்னார் மேனேஜர். திருநெல்வேலிக்காரர் கான்ட்ராக்ட் ஆள். பெயர் கெட்டால் ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனி கேட்டுக்குள்ளும் விடமாட்டார்கள்.

ஒரு ஷாஃப்ட்டை விரிசலோடு பிளந்தேன். உள்முகம் நீலமாக இருந்தது. உலைச் சூட்டில் காற்று பட்டால்தான் அந்த நீலம் ஏறும். அப்புறம் கீழே விழுந்து விரிந்திருந்தால் பளிச்சென்று வெள்ளையாக இருந்திருக்கும். அதாவது, இரண்டாவது உலைக்குள் போகும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. துண்டை மேனேஜர் மேஜைமேல் வைத்தேன்.

“புரியுதும்மா. ரிப்போர்ட்ல கலரெல்லாம் எழுதிக்கினு இருக்காத.”

எழுதினேன். அவர் அதைக் கிழித்துவிட்டு வேறொன்றில் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். திருநெல்வேலிக்காரரின் கார்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். “விடுங்கக்கா” என்று கேட்டில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். விடுவதாவது!

இந்த ஆண்டு பூஜைத் தட்டில், ஸ்பேனர்களுக்கு நடுவே அந்தத் துண்டை வைத்துக் குங்குமமும் இட்டேன்.

“இன்னாம்மா இது?” என்றார் மேனேஜர்.

“போன வருஷத்துப் பூஜை, சார்.”

பின்னால் இரண்டாவது உலை, மாலையோடு ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை அதை அணைக்க அவர் சொல்லவில்லை. அணைக்காதீர்கள் என்று கெஞ்சிய மனிதர்தான் அங்கே இல்லை.