ஊரே படித்த என் மெயில்

கீழ்வேளூர்க் கடைத்தெருவுக்கு பிரவுசிங் சென்டர் வந்தபோது, நான் டிகிரி முடித்துவிட்டு வெளிநாடு போகவே பிறந்தவன் மாதிரி திரிந்துகொண்டிருந்தேன். எங்கள் எல்லோருக்கும் மெயில் ஐடி போட்டுக்கொடுத்தவர் சென்டர்காரர்தான். பாஸ்வேர்டையும் அவரே வைத்தார். நாங்கள் மறந்துவிடுவோம் என்று நீள நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார். காலையில் கடை திறந்து ஊதுபத்தி காட்டியதும், அத்தனை பேர் மெயிலையும் திறந்து பார்த்து, வந்ததைப் பிரிண்ட் எடுத்து வைப்பார். தபால்காரராவது உறையைப் பிரிக்க மாட்டார்.

ஆகவே சிங்கப்பூர் கம்பெனி என்னை வேண்டாம் என்றது எனக்கு முன்பே டீக்கடைக்குத் தெரிந்தது. "அங்கயும் வேணாம்னுட்டாங்களாமே தம்பி" என்று உரக்கடைக்காரர் அக்கறையாக விசாரித்தார். அப்பா காதிலும் விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் மண்வெட்டியை என் பக்கமாகச் சாய்த்து வைத்தார்.

என் வகுப்புத் தோழன் வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. துபாயிலிருந்த அவன் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. பெரும்பாலும் ஒரே விளம்பரங்களுக்குத்தான் இருவரும் விண்ணப்பித்தோம். அவனுக்கு என்னைவிட மார்க் குறைவு. ஆனால் அவனை யாரும் வேண்டாம் என்றதாக ஊரில் பேச்சே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு அவன் அம்மா போட்டிருந்த பூப்போட்ட உறையைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

பொறுக்காமல் ஒருநாள் பாஸ்வேர்டை நானே மாற்றினேன். சென்டர்காரர் நோட்டில் என் பெயரை அடித்தார். அதுவரை வா, போ என்றவர், "இனிமே நீங்களே வந்து பாத்துக்குங்க" என்றார்.

வாரம் ஒருமுறை போகத்தான் எனக்குக் கட்டுப்படியானது. அடுத்த சனிக்கிழமை திறந்தால், ஷார்ஜா கம்பெனி சென்னைக்கு இன்டர்வியூவுக்கு அழைத்திருந்தது. வியாழக்கிழமைக்கு. போய்விட்ட வியாழக்கிழமை. ஊரில் ஒருவருக்கும் தெரியாத என் முதல் ரகசியம் அதுதான்.

அந்த இன்டர்வியூவுக்குத் தோழன் போயிருந்தான், வேலையும் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் எனக்கு ஆறுதலாக ஒன்று சொன்னான்: "இதுக்கு முன்னாடி பதினோரு கம்பெனி என்னய வேணாம்னுச்சு மாப்ள. வாப்பாவுக்கே தெரியாது."

என்னை வேண்டாம் என்றவை ஒன்பதுதான். உரக்கடைக்காரர் வரிசை பிசகாமல் சொல்லுவார். ஷார்ஜாவை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன். யாரும் படிக்காத அந்தப் பதினொன்றைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.