முன்பு வளர்த்த பூனை இப்போது எங்கே?

என் மகளைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளையிடம் நான் இவ்வளவு கேட்கவில்லை. ஒரு பூனையைத் தருவதற்கு மூன்று பக்கப் படிவம். எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்திருக்கிறதா? பூனை ஒருபோதும் வாசலைத் தாண்டாது என்று உறுதி தருகிறீர்களா? மாதம் ஒரு முறை வீடியோ அனுப்புவீர்களா? இத்தனைக்கும் அது என்னுடைய பூனை.

நெய்வேலி மைன்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்தவன் நான். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ரிட்டயர் ஆகிக் காலி செய்கிறவர்கள் பூனையைக் கூட்டிப்போவதில்லை. நாங்கள் குடிவந்த அன்று சமையலறைப் பின்கதவில் ஒரு கிழட்டுப் பூனை உட்கார்ந்துகொண்டு, நாங்கள்தான் அதன் வீட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் மாதிரி பார்த்தது. முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போனது. அதன் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோதான் எங்கள் சாம்பல் பூனை. நான் ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டருகே வந்து நிற்கும்.

எலுமிச்சை மரம், துணி துவைக்கிற கல், பூனை எல்லாம் வீட்டோடு சேர்த்தி. நான் ரிட்டயர் ஆகிக் காலி செய்த அன்று ஆபீஸிலிருந்து வந்தவர் ஃபேன், குழாய், ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பூனையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்து வருகிறவர்கள் சோறு வைப்பார்கள் என்று நினைத்தேன்.

அடுத்து யாரும் வரவில்லை. அந்த பிளாக்கில் இனி யாருக்கும் வீடு கொடுப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் கட்டிய எங்கள் சொந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, எலுமிச்சம்பழம் பறிக்கலாம் என்று பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பூனையைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் மனைவி சிரிப்பாள். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டம்மா வேலியோரம் வந்தார்.

"ஷிப்ட் பஸ் வர்ற நேரத்துக்கு கேட்டாண்ட வந்து ஒக்காந்துகினே இருந்திச்சுங்க. எலும்பும் தோலுமா போயிடுச்சு. பூனைங்கள காப்பாத்துறவங்கன்னு ரெண்டு பேரு வந்து கூண்டுல எடுத்துக்கினு போனாங்க" என்றார்.

நம்பர் வாங்கிப் பேசினேன். மறுமுனையில் ஒரு பெண், படிப்பை இப்போதுதான் முடித்திருப்பாள். அந்தச் சாம்பல் பூனையை வளர்க்க ஆசை என்றேனே தவிர, அது என்னுடையது என்று சொல்லவில்லை. என் பூனையை நானே கெஞ்சி வாங்குவதா என்ற கௌரவம். வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கிறவர்களுக்கு மட்டும்தான் தருவார்களாம். வெளியே விட்டால் நாய், வண்டி, விஷம் என்று எனக்குப் பாடம் எடுத்தாள். ஓணான் துரத்தாத, மதில் ஏறாத பூனை என்ன பூனை? அதற்கு ஒரு பொம்மையை வாங்கி அலமாரியில் வைத்துவிடலாம். அது வெளிக்குப் போகத் தொட்டியில் கடை மணல் வேறு நிரப்ப வேண்டுமாம். ஊரைத் தோண்டி மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிற நெய்வேலியில், பூனை மண்ணைக் கிளறக் கடைக்குப் போக வேண்டும்.

படிவத்தை நிரப்பி அனுப்பினேன். வீட்டை வீடியோவில் காட்டச் சொன்னாள். காட்டினேன். சமையலறைக்கு வந்தபோது வெளியே லாரி ஒன்று போய்ப் பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடியது.

"பின்னாடி கதவு எப்பவும் தொறந்தேதான் இருக்குமா அங்கிள்?"

"பகல்ல கதவ சாத்திக்கினு யாரும்மா இருப்பாங்க?"

ஏதோ எழுதிக்கொண்டாள். படிவத்தில் ஒரே ஒரு கேள்வியை நான் நிரப்பாமல் விட்டிருந்தேன். அதை வாசித்தாள். இதற்கு முன் ஏதாவது பிராணி வளர்த்தீர்களா, அது இப்போது எங்கே?

"உங்ககிட்டதான் இருக்குது" என்றேன் எகத்தாளமாக.

எழுதுவதை நிறுத்தினாள்.

"அப்போ அத விட்டுட்டுப் போனது நீங்கதானா அங்கிள்?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"குவார்ட்டர்ஸ் பூனைம்மா அது. வூட்டோட இருக்கும்" என்றேன். டவுன்ஷிப்பில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டுகிற பதில். அவள் தலையாட்டவில்லை. வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே அது சரியாகப் படவில்லை.

பூனையைத் தரவில்லை. டவுன்ஷிப்பிலேயே மாடி வீட்டில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் விடாமல் போன் செய்து திட்டினேன். என் வாயை அடைக்கவோ என்னவோ, ஒரு நாள் வீடியோ ஒன்றை அனுப்பினாள்.

ஜெயிலில் இருப்பவனைப் பார்க்கப்போகிற நினைப்பில்தான் திறந்தேன். வலை அடித்த ஜன்னல். அதன் கீழே மெத்தை போட்ட நாற்காலி. பூனை கொழுத்துப்போய் மல்லாந்து தூங்கியது. நடுவில் கீழே ரோட்டில் ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஆட்கள் இறங்குகிற பேச்சும் கேட்டது. பூனை காதைக்கூட அசைக்கவில்லை. நாலு தடவை போட்டுப் பார்த்தேன்.

"நன்றி கெட்ட ஜென்மம்" என்றேன்.

மனைவி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "யார சொல்றீங்க?" என்று கேட்டாள்.